வானமா? களஞ்சியமா?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பல்கலைக்கழகத்திற் பயிலும் எம்மை இம்மேடையில் ஏற்றிப் பேசுமாறு பணித்த சங்கத்தாருக்கு நன்றி கூறுகின்றோம். எமக்கு முன் இங்கே பேசியவர்கள் கல்வியாலும் வயதாலும் எம்மினும் மிக மூத்தவர்கள். ஆகையால் நாம் அறிவுரை கூற வரவில்லை. ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்து, அதற்கு எமக்குத் தோன்றிய விடையையும் வைத்து, உங்கள் தீர்ப்பைக் கேட்கவே வந்திருக்கின்றோம். கேள்வி இதுதான்: கடற்படையில் அதிகாரியாகச் சேரும் ஓர் இளைஞன் விமானப் பிரிவை நாடுவதா, வழங்கற் பிரிவை நாடுவதா?

இப்பொருளை நாம் தேடிப் போகவில்லை. அது எம்மைத் தேடி வந்தது. எமது சிறிய தந்தையாரின் குடும்பம் நெடுங்காலமாக ஐக்கிய அமெரிக்காவில் வாழ்கின்றது. அவருடைய மகன், எமக்குத் தம்பி முறையானவன், அங்கே பிறந்து அந்நாட்டுப் பிரசையாய் வளர்ந்தவன். பல்கலைக்கழகப் படிப்பின் இறுதியாண்டில் நிற்கும் அவன் அந்நாட்டுக் கடற்படையில் அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கப் போகின்றான். எந்தப் பிரிவை முதலில் விரும்புகின்றான், எதனை அடுத்ததாக விரும்புகின்றான் என்று அவன் வரிசைப்படுத்தி எழுதவேண்டும். தம்பிக்கு விமானம் ஓட்ட ஆசை. சிறிய தந்தையாருக்கோ அவன் வழங்கற் பிரிவிற் சேரவேண்டும் என்பது விருப்பம். அது ஆபத்தற்றது, பிற்காலத்திற் பெரிய கம்பனிகளில் உத்தியோகம் பெற வழிகாட்டுவது என்பது அவர் கட்சி. சிறிய தாயார் இரண்டுமே வேண்டாம், பிள்ளை கண்முன்னே இருந்தாற் போதும் என்கின்றார். மூவரும் தனித்தனியே எமக்கு எழுதி, நியாயம் சொல்லும்படி கேட்டார்கள். நியாயம் சொல்லுமுன் விஷயத்தை அறியவேண்டும் அல்லவா? அதனால் நூல்களைப் படித்தோம். அத்துறையை அறிந்தவர்களிடம் விசாரித்தோம். அதன் பயனே இவ்வுரை.

போர் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திடுக்கிடும் மண்ணில் நின்று பேசுகின்றோம் என்பதை நாம் மறக்கவில்லை. படைக்கு ஆள் சேர்ப்பது எமது நோக்கமன்று. போரைப் புகழ்வதும் அன்று. தம்பி தன் நாட்டுக்குத் தான் செய்யவிரும்பும் பணியைத் தெரிந்துகொண்டுவிட்டான். அப்பணிக்குள் எந்தப் பாதை என்பதே கேள்வி. அந்தக் கேள்வியோ அவனுக்கு மட்டும் உரியதன்று. எல்லோரும் பார்க்கும் இடத்திற் செய்யும் தொழில் ஒன்று, ஒருவரும் பாராத இடத்திற் செய்யும் தொழில் ஒன்று, இவ்விரண்டில் எதைத் தெரிவது என்று இங்கிருக்கும் ஒவ்வோர் இளைஞனும் ஒருநாள் தன்னைக் கேட்டுக்கொள்ளத்தான் போகின்றான்.

முதலில் அக்கடற்படையின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். அதிகாரியாகச் சேர மூன்று வாயில்கள் உண்டு. ஒன்று, 1845 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனாபொலிஸ் கடற்படைக் கலாசாலையில் நான்கு ஆண்டு பயில்வது. இரண்டாவது, பிற பல்கலைக்கழகங்களிற் கற்றுக்கொண்டே படைப்பயிற்சியும் பெறுவது. மூன்றாவது, பட்டம் பெற்றபின் றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோட் நகரில் ஏறத்தாழப் பதின்மூன்று வாரம் பயிற்சி பெறுவது. எமது தம்பி நாடுவது இம்மூன்றாவது வாயில்.

உட்புகுந்த அதிகாரிகள் பெரும்பாலும் இரண்டு வகுப்பினர். போர்க் கலங்களுக்குத் தலைமை தாங்கும் உரிமையுடையோர் ஒரு வகுப்பு; கப்பல் நடத்துவோர், நீர்மூழ்கியிற் செல்வோர், விமானிகள் ஆகியோர் இவ்வகுப்பினர். மருத்துவர், சட்ட அறிஞர், கட்டடப் பொறியியலாளர், வழங்கல் அதிகாரிகள் முதலியோர் மற்ற வகுப்பு. இவர்கள் தத்தம் தொழிலில் மட்டுமே தலைமை தாங்குவர். விமானந் தாங்கிக் கப்பலொன்றின் தலைவர் விமானத் துறையிலிருந்து வந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வழங்கல் அதிகாரி அட்மிரல் பதவிக்கு உயரலாம். ஆனால் ஒரு போர்க்கப்பல் ஒருநாளும் அவர் ஆணைக்குக் கீழ் வராது. தெரிவு செய்பவன் முதலில் அறியவேண்டிய வேற்றுமை இது. கப்பலின் மேற்றளத்தில் நின்று கட்டளையிட வேண்டும் என்பதே ஒருவனுடைய வாழ்நாட் கனவாயின், அவன் வழங்கற் பிரிவை எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பொருளில்லை.

இனி விமானப் பிரிவைப் பார்ப்போம். 1910 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி யூஜீன் ஈலி என்னும் விமானி, பேர்மிங்காம் என்ற போர்க்கப்பலின் முன்புறத்திற் கட்டிய மரத்தளத்திலிருந்து வானில் எழுந்தார். விமானத்தின் சக்கரங்கள் கடல்நீரைத் தொட்டுத்தான் மேலேறின. இரண்டு மாதங்களின் பின், 1911 ஜனவரி 18 இல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற கப்பலில் அவர் இறங்கியுங் காட்டினார். மணல் மூட்டைகள் கட்டிய கயிறுகளைத் தளத்தின் குறுக்கே விரித்து விமானத்தைத் தடுத்து நிறுத்தினார்கள். இன்று உருக்குக் கம்பிகள் செய்யும் வேலையை அன்று மணல் மூட்டைகள் செய்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒரு காட்சிப் பறப்பின்போது விமானம் வீழ்ந்து ஈலி மாண்டார். வானத்துறையின் புகழும் விலையும் அதன் முதல் மனிதரிடமே ஒருங்கே காணப்பட்டன.

விமானியாக விரும்புவோன் எழுதும் தேர்வை வாழ்நாளில் மூன்று முறைக்கு மேல் எழுத இயலாது. கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல், உடலளவு எல்லாம் சோதிக்கப்படும். தேறியவர்கள் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலாவுக்குச் செல்வர். 1914 ஆம் ஆண்டு முதல் கடற்படை விமானிகளின் தாய்வீடு அது. அங்கே முதலிற் கற்பிக்கப்படுவது பறத்தல் அன்று, நீந்துதல்! பறக்கும் உடையோடும் சப்பாத்தோடும் நீந்தவேண்டும். விமானத்தின் உட்புறம் போன்ற கூண்டில் இருக்கையோடு கட்டி நீருள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள்; கண்ணை மறைத்த நிலையிலும் வழி தடவி வெளியே வரவேண்டும். விழுந்தால் எப்படித் தப்புவது என்று கற்ற பின்பே எழுவது எப்படி என்று கற்பிக்கின்றார்கள்.

அதன்பின் புளோரிடாவிலோ ரெக்சாஸ் மாநிலத்திலோ சுழல்விசிறி விமானத்தில் முதற் பயிற்சி. பெற்ற புள்ளியும் கடற்படையின் தேவையும் கூடித் தீர்மானிக்க, ஒருவர் ஜெற் விமானத்துக்கும், ஒருவர் ஹெலிகொப்டருக்கும், ஒருவர் பல எந்திரங்கள் பூட்டிய பெரிய விமானத்துக்குமாகப் பிரிவர். பொற்சிறகுச் சின்னம் மார்பில் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அச்சின்னம் பெற்ற நாளிலிருந்து விமானி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டாயமாகப் பணிசெய்ய வேண்டும். இருபத்திரண்டு வயதிற் சேர்ந்தவன் முப்பதைத் தாண்டியே விடுதலை பெறுவான். இடையிற் கலியாணம், பிள்ளை, பெற்றோரின் முதுமை எல்லாம் வந்து சேரும். இந்தக் கணக்கை விண்ணப்பத்திற் கையொப்பமிடும் முன்பே போட்டுப் பார்க்கவேண்டும்.

விமானந் தாங்கியில் இறங்கும் கலையில் நாம் கண்ட ஒரு நுட்பத்தை இங்கே சொல்லவேண்டும். ஏறத்தாழ 330 மீற்றர் நீளமுள்ள தளம். அதுவும் அலையோடு அசைந்துகொண்டிருக்கும். விமானத்தின் வாற்கொக்கி தளத்தின் குறுக்கே உள்ள கம்பியைப் பற்றினால் இரண்டு மூன்று விநாடிகளுள் விமானம் நின்றுவிடும். ஆனால் சக்கரம் தளத்தைத் தொட்ட அக்கணத்தில் விமானி என்ன செய்கின்றான்? விசையைக் குறைப்பதில்லை, முழுவிசையையுங் கொடுக்கின்றான். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் உடனே மீண்டும் எழவேண்டும் அல்லவா? நிற்கப் போகும் நேரத்திற் பறக்க ஆயத்தமாயிருத்தலே அத்தொழிலின் இலக்கணம். இத்தகைய மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்கப்பெற்றவனைக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரவைப்பதும் நன்றன்று.

விமானியின் நாள் முழுவதும் வானத்திற் கழிவதுமில்லை. இளம் விமானிக்குப் படைப்பிரிவில் வேறொரு மேசை வேலையும் உண்டு. விமானம் பழுதுபார்ப்போரை மேற்பார்வை செய்தல், பயிற்சி அட்டவணை தயாரித்தல், கீழுள்ளோரின் தகுதி அறிக்கை எழுதுதல் என்று கடதாசி அவனையும் விடுவதில்லை. வானத்தை மட்டும் எண்ணிச் சேர்பவன் இதனையும் எண்ணவேண்டும்.

வழங்கற் பிரிவு விமானப் பிரிவினும் மிகப் பழமையானது. கடற்படைக்குப் பொருள் வாங்கித் தர 1795 பெப்ரவரி 23 இல் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்ட நாளையே அப்பிரிவு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றது. சம்பளப் பிரிவு என்று முன்னர் வழங்கிய அதற்கு 1919 இல் இன்றைய பெயர் வந்தது. இதற்கான பாடசாலை நெடுங்காலம் ஜோர்ஜியா மாநிலத்து அதென்ஸ் நகரில் இயங்கி, 2011 ஆம் ஆண்டு முதல் நியூபோட்டில் இயங்குகின்றது. ஏறத்தாழ ஆறு மாதப் படிப்பு. களஞ்சியம், கொள்வனவு, உணவு, சம்பளம், கப்பற் கடை, எல்லாவற்றுக்கும் கணக்கு என்பன பாடங்கள். கட்டாய சேவைக்காலம் விமானியின் காலத்திலும் மிகக் குறைவு.

படித்து முடித்தவுடன் இருபத்துமூன்று வயது இளைஞன் ஒரு நாசகாரிக் கப்பலுக்கு அனுப்பப்படுவான். அங்கே அவனுக்குக் கீழே சமையற்காரரும் களஞ்சியக்காரரும் இருப்பர். அவர்களுட் சிலர் அவன் தந்தை வயதினர். விமானி தன் சிறகுக்காகப் பயின்றுகொண்டிருக்கும் காலத்தில் இவன் மனிதரை நடத்திக்கொண்டிருப்பான். நீர்மூழ்கியிலோ வழங்கல் அதிகாரி ஒருவரே. மற்ற அதிகாரிகள் பெரும்பாலும் அணுவுலைப் பயிற்சி பெற்றவர்களாயிருக்க, இவர் ஒருவர் மட்டும் அரிசி, மா, ஆணி, குழாய் எல்லாவற்றுக்கும் விடைசொல்ல வேண்டியவர். நீருள் மூழ்கிய பின் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது, மறந்தது மறந்ததுதான்.

விமானந் தாங்கியொன்றில் விமானப் படையினரையுஞ் சேர்த்து ஐயாயிரம் பேர் வரையில் இருப்பர். நாளொன்றுக்குப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட சாப்பாடு. அதுகூடப் பெரிதன்று. ஆயிரக்கணக்கான உதிரிப்பாகங்களில் எது எப்போது உடையும் என்று முன்கூட்டியே எண்ணி வைத்தல்தான் பெரிது. ஒரு சிறு வளையம் இல்லையென்றால் பல கோடி பெறுமதியான விமானம் தளத்தில் வெறுஞ் சிலையாய் நிற்கும். எல்லாவற்றையும் ஏற்றவோ கப்பலில் இடமில்லை. எதனை ஏற்றுவது, எதனை விடுவது என்ற முடிவு நாள்தோறும் எடுக்கப்படும். அம்முடிவு சரியாயிருந்த நாளில் ஒருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

நாம் படித்த மிஷன் கல்லூரியில் விளையாட்டாசிரியர் ஒருவர், நூறு ஓட்டம் எடுத்தவன் பெயர் பத்திரிகையில் வரும், விடியற்காலையில் எழுந்து ஆடுகளத்தை உருட்டியவன் பெயர் வராது, ஆனால் உருட்டாத களத்தில் நூறு ஓட்டம் எடுத்துப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வழங்கற் பிரிவைப்பற்றிப் படித்தபோது அவர் சொற்களே எம் நினைவில் நின்றன.

இவ்விரு துறைகளையும் இணைத்து ஒரு கப்பலின் வரலாறு இருக்கின்றது. அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானந் தாங்கி லாங்லி என்பது. அது விமானந் தாங்கியாகப் பிறக்கவில்லை. யூப்பிற்றர் என்ற பெயரோடு 1913 இற் சேவைக்கு வந்த நிலக்கரிக் கப்பல் அது. மற்றக் கப்பல்களுக்குக் கரி சுமந்து கொடுத்துக் கரிப்புகையிற் கறுத்துக் கிடந்த அக்கப்பலின்மேல் நீண்ட தளம் ஒன்றைப் பொருத்தி, 1922 மார்ச் 20 இல் அதனை விமானந் தாங்கியாக்கினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அத்தளத்திலிருந்து முதல் விமானம் எழுந்தது. பின்னர் பெரிய தாங்கிகள் வந்தன. லாங்லி 1937 இல் கடல்விமானங்களுக்கு உதவும் கப்பலாக மாற்றப்பட்டது. இறுதியில் 1942 பெப்ரவரி 27 இல், யாவாத் தீவுக்கு 32 போர்விமானங்களைச் சரக்காக ஏற்றிச் சென்றபோது யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாயிற்று. சுமைக் கப்பலாய்ப் பிறந்து, வானத்தின் வாயிலாய் வாழ்ந்து, சுமைக் கப்பலாகவே முடிந்தது. வானமும் களஞ்சியமும் இரண்டு உலகங்கள் என்று எண்ணுவோர் இக்கப்பலை எண்ணிப் பார்த்தல் நன்று.

சிறிய தந்தையார் வழங்கற் பணி ஆபத்தற்றது என்று எழுதினார் அல்லவா? அதற்கும் வரலாறு விடை கூறுகின்றது. 1942 மே மாதம் பவளக் கடற்போரின்போது நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பல், தன் கடமையாகிய எண்ணெய் வழங்கலை முடித்துக்கொண்டு, போர்க்களத்துக்கு விலகிய இடத்துக்கு ஒரு நாசகாரியின் துணையோடு அனுப்பப்பட்டது. யப்பானிய வேவு விமானி அதனைத் தொலைவிற் கண்டு விமானந் தாங்கி என்று தவறாக அறிவித்தான். பெருந்தாக்குதல் அந்த எண்ணெய்க் கப்பலின் மேல் இறங்கியது. துணைக்கப்பல் மூழ்கிற்று, நியோஷோ பல நாள் சிதைந்து மிதந்து பின் கைவிடப்பட்டது. அபாயம் ஆளின் சின்னத்தைப் பார்த்து வருவதில்லை. எண்ணெய் சுமப்பவனுக்கும் அது வருகின்றது.

இதே உண்மையை நம் கிழக்குக் கடலும் அறியும். 1942 ஏப்பிரல் 5 இல் கொழும்பையும், 9 இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. விமானந் தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டப்பட்ட பிரித்தானியக் கப்பலாகிய ஹேர்மிஸ், எச்சரிக்கை கிடைத்துத் திருகோணமலையை விட்டு முன்னிரவே வெளியேறியிருந்தது. ஆனால் அதன் விமானங்கள் அதன்மேல் இருக்கவில்லை. 9 ஆந் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கடிக்கப்பட்டது; முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் அதே கடலில் எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. திருகோணமலைச் சீனக்குடாவில் விமான ஓடுபாதையும், பிரித்தானியர் கட்டிய மாபெரும் எண்ணெய்த் தொட்டிகளும் அயலயலே இருப்பதை அங்கே சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். 99 தொட்டிகள் இன்றும் உள்ளன. அன்று ஒரு யப்பானிய விமானம் ஒரு தொட்டியின் மேல் வீழ்ந்து எரிந்தது என்று அவ்வூரார் கூறுவர். எதிரி ஓடுபாதையையும் தாக்கினான்; எண்ணெய்த் தொட்டியையும் தேடினான். இரண்டின் பெறுமதியையும் அவன் சரியாகவே அறிந்திருந்தான்.

இன்னொன்றையும் சொல்லத் துணிகின்றோம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். வழங்கல் என்றால் என்னவென்று கற்க எம் குடாநாட்டார் நியூபோட்டுக்குப் போகவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரமின்றி, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தவித்து, ஜாம் போத்தல் விளக்கில் எம் மூத்தோர் படித்தார்கள் என்று கேட்டிருக்கின்றோம். 2006 ஆகத்து மாதத்தில் ஏ 9 வீதி மூடப்பட்டபின் அரிசியும் சீனியும் கப்பலில் வருமோ என்று காத்திருந்த தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றீர்கள். விமான ஒலி கேட்டபோது பதுங்குகுழிக்கு ஓடியவர்களும் நீங்களே. வானத்தில் வருவது எல்லோர் கண்ணுக்குந் தெரியும். மூட்டையில் வருவது அடுப்பில் ஏறிய பின்புதான் தெரியும். அந்த அனுபவம் உடையவர்கள் களஞ்சியப் பணியைச் சிறிதென்று எண்ணமாட்டார்கள்.

ஆயினும் விமானத்தின் பயனையும் குறைத்துச் சொல்லலாகாது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்த அதே காலையில் சுமாத்திராவின் ஆச்சே மாகாணத்தையும் அழித்தது. வீதிகளும் பாலங்களும் அற்றுப்போயின. 2005 ஆம் ஆண்டின் முதல் நாளில் ஆபிரகாம் லிங்கன் என்ற அமெரிக்க விமானந் தாங்கி அக்கரைக்கப்பால் வந்து நின்றது. அதன் ஹெலிகொப்டர்கள் உணவும் மருந்தும் நீருங் கொண்டு கிராமங்களுக்குப் பறந்தன. கப்பலிற் காய்ச்சி வடித்த குடிநீரே கலங்களில் நிரப்பி அனுப்பப்பட்டது. களஞ்சியம் இல்லையேல் ஹெலிகொப்டர் வெறுங்கையோடு பறந்திருக்கும். ஹெலிகொப்டர் இல்லையேல் களஞ்சியம் கடலிலேயே நின்றிருக்கும். பசித்தவனுக்கு இரண்டும் சேர்ந்தே உதவி ஆயின.

இனித் தெரிவு செய்யும் முறைக்கு வருவோம். தம்பிக்கு நாம் எழுதிய கேள்விகள் நான்கு.

முதலாவது: பாராட்டைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சீருடையும் சிறகும் படமும் இல்லாமல், ஒருவரும் அறியாமல் பறக்க வேண்டியிருந்தாலும் பறப்பாயா? ஆம் என்றால் அது உண்மையான விருப்பம். இல்லை என்றால் நீ விரும்புவது வானத்தை அன்று; பார்ப்பவரின் கண்களை.

இரண்டாவது: உன் மனம் எவ்வகையில் ஊக்கம் பெறுகின்றது? கணப்பொழுதில் ஒரு முடிவு, உடனே அதன் பலன் என்பதிலா? ஆறு மாதத்துக்குப் பின் நேரப்போகும் குறையை இன்றே கண்டு தடுப்பதிலா? முன்னதே விமானியின் மனம். பின்னதே வழங்கல் அதிகாரியின் மனம். இரண்டும் அறிவே, வேறு வேறு அறிவு.

மூன்றாவது: காலத்தை என்ன செய்யப் போகின்றாய்? நீண்ட கட்டாய சேவைக்கு ஈடாக விமானிக்குப் பறத்தலுக்கென்று தனிப்படி உண்டு. பின்னர் விமானக் கம்பனிகளின் கதவும் திறக்கும். ஆனால் அங்கே கண்ணும் உடலும் தேறும்வரைதான் தொழில். வழங்கல் அதிகாரி சேவையிலிருக்கும்போதே மேற்படிப்புக்கு அனுப்பப்படலாம். அவன் கற்றது துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் பயன்படும். அது முதுமைவரை கூடவரும் வித்தை.

நான்காவது: எந்தக் கதவு முதலில் மூடும்? விமானப் பயிற்சியில் தேறாதவன் கடற்படையின் தேவைக்கேற்ப வழங்கற் பிரிவு முதலிய வேறு பிரிவுக்கு மாற்றப்படலாம். வழங்கற் பிரிவில் ஆண்டுகள் கழித்தவன் பின்னர் விமானி ஆவது மிக அரிது. கண்ணும் வயதும் காத்திருக்கமாட்டா.

இந்நான்கையும் சீர்தூக்கிய பின் எமது கருத்தை மறைக்காமல் எழுதினோம். முதற் கேள்விக்கு நெஞ்சறிய ஆம் என்று சொல்ல முடிந்தால் விமானத்தை முதலாவதாக எழுது. முதலில் மூடும் கதவை முதலிற் தட்டுவதே முறை. ஆனால் ஒரு நிபந்தனை. வழங்கற் பிரிவை இரண்டாவதாக எழுதுவதானால், அது கிடைத்தால் மனநிறைவோடு செய்வேன் என்று உறுதிகொண்டே எழுது. அதனை ஆறுதற் பரிசாக எண்ணி எழுதாதே. மனக்குறையோடு களஞ்சியத்தில் நிற்பவன் எண்ணும் எண்ணிக்கை பிழைக்கும். பிழைத்த எண்ணிக்கையாற் பறப்பவன் உயிர் போகும். அப்படி உறுதி கொள்ள இயலாதாயின் வேறெதையேனும் எழுது.

சிறிய தந்தையாருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். தாங்கள் தெரிந்த பிரிவு நல்ல பிரிவே. தாங்கள் சொன்ன காரணம் மட்டும் பொருந்தாது. கடலில் ஆபத்தற்ற இடம் இல்லை. ஆதலால் அச்சத்தை அளவுகோலாகக் கொண்டு பிள்ளையின் தொழிலை அளக்கவேண்டாம் என்று பணிவோடு தெரிவித்தோம். சிறிய தாயாருக்கு மட்டும் எவ்வளவு முயன்றும் நியாயம் எழுத வரவில்லை. தாயின் கவலைக்கு விடை நியாயத்தில் இல்லை; பிள்ளை வாரந்தவறாமற் பேசுவதில் இருக்கின்றது. அதனைத் தம்பிக்கே எழுதினோம். அவன் விமானத்தை முதலாவதாகவும் வழங்கலை இரண்டாவதாகவும் எழுதப்போவதாகத் தெரிவித்திருக்கின்றான். இரண்டாவதையும் விரும்பியே எழுதுவதாகச் சொன்னான். இன்னும் முடிவு வரவில்லை.

இங்கிருக்கும் பெரியோருக்கு எமது விண்ணப்பம் ஒன்று. பிள்ளைகளின் தொழிலைப்பற்றிப் பேசும்போது, எந்த வேலைக்கு மதிப்பு அதிகம் என்று முதலிற் கேளாமல், இந்தப் பிள்ளை எந்த வேலையைப் பிழையின்றிச் செய்வான் என்று கேளுங்கள். வாலிப நண்பர்களே, சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். அமெரிக்கக் கடற்படையில் 1974 ஆம் ஆண்டிலேயே பெண்கள் விமானிச் சிறகு பெற்றார்கள்; ஆகையால் இவையெல்லாம் ஆண்களுக்கே உரிய பேச்சென்று ஒதுங்க வேண்டாம். நாம் கடற்படைக்குப் போகாவிட்டாலும், இச்சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடையில் ஏறுவோரும் உண்டு. பின்னாலே நாற்காலி எண்ணி, விளக்குக்கு எண்ணெய் பார்த்து, வந்தவருக்குத் தேநீர் கொடுப்போரும் உண்டு. மேடையில் ஏறியவர் இறங்கியதும் பின்னாலே சென்று ஒரு நாற்காலியை எடுத்து வைப்பாராயின், இவ்வளவு நேரம் நாம் பேசியது வீண்போகாது.